உல்லாசக் கப்பலில் முதற் பயணம்: வன்னியிலிருந்து புறப்படுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் விடுக்கும் அழைப்பின் வடிவம் அண்மைக் காலத்தில் மாறியிருக்கிறது. "ஒருமுறை இங்கே வந்து போங்கோ" என்று கேட்டுக் கேட்டு, விசா மறுக்கப்பட்டுக் களைத்துப்போனவர்கள், இப்போது "சிங்கப்பூருக்கு வாங்கோ, எல்லாரும் சேர்ந்து நாலு நாள் கப்பலிலை நிற்பம்" என்கிறார்கள். நானும் மனைவியும் எழுபத்தெட்டு வயதான என் தாயாரும் அப்படியோர் அழைப்பின் பேரில்தான் பரந்தனிலிருந்து புறப்பட்டுப் போய்வந்தோம். கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்து சேர்ந்துகொண்டார்கள். போய்வந்த நாளிலிருந்து கிளிநொச்சி, மாங்குளம், முள்ளியவளைப் பக்கத்து மனிதர்கள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உல்லாசக் கப்பல் என்பது பழைய தலைமன்னார்க் கப்பலைப் போன்றதா?

இல்லை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பலும், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து எண்பதுகள் வரை ஓடிய கப்பலும், 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பலும் ஆட்களை அக்கரை சேர்ப்பதற்கானவை. உல்லாசக் கப்பலில் போய்ச் சேருமிடம் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை; ஏறிய துறைமுகத்திலேயே திரும்ப வந்து இறங்குவீர்கள். அது மிதக்கும் ஹோட்டல். இரவில் ஓடும், பகலில் ஏதாவதொரு ஊரில் நிற்கும், சில நாள்களில் எங்கும் நிற்காமல் கடலிலேயே போகும்.

அளவை மனதில் பிடிக்க ஓர் எடுத்துக்காட்டு: சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் டிரீம் என்ற கப்பல் 2016 இல் கட்டப்பட்டது; ஏறத்தாழ 335 மீற்றர் நீளமானது; மூவாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. இத்தகைய கப்பல்களின் விளம்பரத்தில் "ஒன்றரை இலட்சம் தொன்" என்று போட்டிருப்பது எடையன்று, உள்ளிடத்தின் கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு. வேகம் பெரும்பாலும் இருபது நொட்டுக்கு அண்மையில், அதாவது மணிக்கு முப்பத்தேழு கிலோமீற்றர் அளவில் இருக்கும். ஏ-9 வீதியில் ஓடும் பேருந்து அதைச் சுலபமாக முந்திவிடும்.

முதன்முறை போகிறவர்கள் எங்கிருந்து ஏறுவது நல்லது?

வன்னியிலிருந்து புறப்படுவோருக்கு நடைமுறையில் இரண்டு வாயில்கள் உள்ளன: சிங்கப்பூர், சென்னை. கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 யூனில் சென்னையிலிருந்து பயணங்களைத் தொடங்கியது; 2023 யூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கும் வந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் கொழும்புக்குப் போகாமலே அக்கப்பலைப் பிடிக்கலாம் என்பது வடக்கிலுள்ளோருக்குப் பெரிய வசதி. ஆனால், அது ஆண்டு முழுவதும் சென்னையிலிருந்து ஓடுவதில்லை. அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்த பின்னரே மற்றவற்றை யோசிக்க வேண்டும்.

எனது தெரிவு சிங்கப்பூர்தான். அங்கிருந்து பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் ஆகிய இடங்களுக்குப் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகச் செல்கின்றன. ஒரு பக்கம் சுமாத்திரா, மறுபக்கம் மலாயாத் தீபகற்பம். நடுவே கடல் ஒதுக்கமாக, பெரும்பாலான நாள்களில் நந்திக்கடல் களப்புப் போலக் கிடக்கும். வங்காள விரிகுடாவின் திறந்த நீரில் முதல் அனுபவத்தைப் பெறுவதைவிட, அங்கே பெறுவது வயிற்றுக்கு நல்லது.

எந்த மாதத்தில் போகலாம்?

முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டிருக்கும் ஒருவரைக் கேட்டால் போதும். பயண முகவரைவிடச் சரியாகச் சொல்வார். வாடைக்காற்று எழும் ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாகும் காலம். திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்த புரெவி 2020 டிசம்பர்த் தொடக்கத்தில் வந்ததை நாம் மறக்கவில்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். ஆகவே, சென்னைப் பக்கம் என்றால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்க்கவும். மும்பை, கொச்சிப் பக்கம் என்றால் சோளகக் காலத்தைத் தவிர்க்கவும். மலாக்கா நீரிணைக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே ஆண்டு முழுவதும் கப்பல் ஓடுகிறது. பாடசாலை விடுமுறை, சீனப் புத்தாண்டு ஆகிய காலங்களில் கட்டணம் ஏறும் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

கடவுச்சீட்டு, விசா விடயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பணத்தைக் கட்டுவதற்கு முன்னர் பார்க்க வேண்டியது இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குக் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்கு வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்கு அலைய வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். இடம்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்து, பின்னர் ஒவ்வொன்றாக மறுபடி எடுத்தவர்கள் நம்மிடையே ஏராளம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று இருக்கும். போதாக்குறைக்கு, தகப்பனார் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்ற குழப்பம் வேறு. கப்பல் பயணச்சீட்டிலும் விமானச் சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயர், அதே எழுத்துகளில், அதே வரிசையில் இருக்க வேண்டும். என் அக்கா ஆசையோடு முதலிற் பதிவு செய்தபோது, அம்மாவுக்கு வீட்டில் வழங்கும் பெயரைக் கொடுத்திருந்தார். அதைத் திருத்தித் தரும்படி கேட்டதற்கு, முகவர் இரண்டு கிழமைகள் பதிலே சொல்லவில்லை. பிறகு திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டார். உறவினர் பதிவு செய்வதாயின், கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

விசா கப்பலுக்கு அன்று, கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் குறுகிய காலத்துக்குச் சிங்கப்பூர் செல்ல முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் போய்ச்சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வந்து மறுபடி நுழையும்போதும் அதை இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு மின்விசா வேண்டும். "நான் பினாங்கில் இறங்கப் போவதில்லை, கப்பலிலேயே இருந்துகொள்வேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. விசா இல்லாதவரைப் புறப்படும் துறைமுகத்திலேயே நிறுத்திவிடக்கூடும். சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகம் ஒன்றைத் தொட்டு, மீண்டும் சென்னையில் இறங்குவதென்றால் இந்தியாவுக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஒரே தடவை நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனவர் திரும்பி வருகையில் மாட்டிக்கொள்வார். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. பதிவு செய்வதற்கு முன்னர் ஒரு தடவையும், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர் இன்னொரு தடவையும் சரிபார்க்கவும்.

கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா?

அறை, பொதுச் சாப்பாட்டு மண்டபங்களில் மூன்று வேளைச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல் தடாகம் ஆகியவை அடங்கும். தனி உணவகங்கள், மதுபானம், பல கப்பல்களில் போத்தல் குளிர்பானம், இணையம், கரைச் சுற்றுலா, மசாஜ், புகைப்படம் ஆகியவை அடங்கா. துறைமுக வரியும், ஆளொருவருக்கு நாளொன்றுக்கு என்று அறவிடப்படும் சேவைக் கட்டணமும் விளம்பரத்தில் கண்ணிற் படாமலே இருக்கும். நான்கு பேர் நான்கு நாள் என்று பெருக்கிப் பார்த்தால் அத்தொகை சிறியதன்று. ஆகவே முகவரிடம் "இதற்கு மேல் நான் கட்ட வேண்டியது என்னென்ன?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் காசு கைமாறுவதில்லை. அறைச் சாவியாகப் பயன்படும் அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறும். கடைசி நாளில் உங்கள் வங்கி அட்டையிலிருந்து கழியும். கடனட்டை இருந்தால் அதைக் கொடுங்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால், ஒரு தொகையை முன்பிணையாகப் பிடித்து வைப்பார்கள். பயணம் முடிந்து பல நாள்கள் வரை அந்தப் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பாமல் இருக்கலாம். எந்த அட்டையாயினும் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடும்படி புறப்படுமுன் வங்கிக் கிளையில் சொல்ல வேண்டும்.

எந்த அறையை எடுப்பது?

சாளரமில்லாத உள்ளறை மலிவு. சாளர அறை, பல்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகும். பகல் முழுவதும் மேல்தளத்தில் கழிக்கப் போகும் இளையவர்களுக்கு உள்ளறை போதும். வயதானவர்களோடு போவதாயின் பல்கனிக்குச் செலவழிப்பது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டமும் இசையும் அலுத்த பின்னர் அவர்களுக்கு ஒதுங்க ஓரிடம் வேண்டும். தலைசுற்று வரும் என்று அஞ்சுகிறவர்கள் கப்பலின் நீளத்துக்கு நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்க வேண்டும். துலாவின் நடுவில் நிற்பவனைவிட நுனியில் நிற்பவன்தான் அதிகம் ஏறி இறங்குவான், கப்பலும் அப்படித்தான். திட்டப்படத்தில் அறைக்கு நேர்மேலே நடன மண்டபம் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

வீட்டிலிருந்து எப்போது புறப்பட வேண்டும்?

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளே அந்த நகரத்தில் இருக்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து புத்தளம் வீதியால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டியில் ஓர் இரவுப் பயணம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணிநேர விமானப் பயணம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் கப்பல் காத்திராது. கட்டிய பணமும் வழக்கமாகத் திரும்பாது. ஒரு நாள் தங்கும் செலவைக் காப்புறுதியாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாளை வீணாக்கவும் தேவையில்லை: சிங்கப்பூரில் சிலோன் வீதியென்றே ஒரு வீதி இருக்கிறது, அங்கே யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. அம்மா அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கப்பலேறினார்.

எதைக் கொண்டு போக வேண்டும், எதைக் கொண்டு போகக் கூடாது?

ஏறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அறை வாசலுக்கு வர மாலையாகலாம். அதுவரை வேண்டிய மாற்றுடை, மருந்து, கடவுச்சீட்டு, கண்ணாடி, செருப்பு ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருங்கள். உள்ளே குளிரூட்டி கடுமையாக இருக்கும். அம்மா நான்கு நாளும் சால்வையைக் கழற்றவில்லை. நீச்சல் தடாகத்தில் நீந்துவதற்கான உடையோடு மட்டுமே இறங்க விடுவார்கள். விருந்து இரவு என்று ஒன்று வரும். அதற்குக் கோட்டு வாங்க ஓட வேண்டாம், பட்டுவேட்டியும் சேலையும் தாராளமாகப் போதும்.

கப்பலுக்குள் விடப்படாத பொருள்கள் பற்றி நம்மவர் அதிகம் ஏமாறுகிறார்கள். மின்னழுத்தி, கேத்தல், ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்கவைக்கும் கம்பிச் சுருள் எல்லாம் பரிசோதனையில் பிடிபட்டு, பயணம் முடியும் வரை அவர்களிடமே இருக்கும். மெழுகுதிரி, கற்பூரம், ஊதுபத்தி, விளக்குத்திரி எதையும் அறையில் கொளுத்த முடியாது. கப்பலில் எல்லாரும் அஞ்சுவது நெருப்புக்குத்தான். இதில் மனம் நோகத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை அம்மா பல்கனியில் நின்று வெறுங்கையால் கும்பிட்டார். வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, முத்திரை உடையாத பொட்டலங்களைப் பெரும்பாலும் விடுவார்கள். வெற்றிலை போடும் பெரியவர்கள் புகையிலையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்: மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். சிகரெட்டுக்கும் அங்கே தீர்வையற்ற சலுகை கிடையாது.

மின்செருகி கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். எல்லா நாட்டுக்கும் பொருந்தும் மாற்றுச் செருகி ஒன்று போதும். நீட்டுவயர்ப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம்.

நாள்தோறும் மருந்து எடுப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நம் ஆஸ்பத்திரிகளில் கிளினிக் மருந்து சிறிய கடதாசி உறைகளில்தான் கிடைக்கிறது. அதன்மேல் "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதியிருக்கும். கிளிநொச்சியில் அது போதும். வெளிநாட்டுத் துறைமுகத்தில் அது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. ஆகவே, பயணத்துக்கு வேண்டியதை மருந்துக்கடையில் பெயர் அச்சிட்ட அட்டைகளாக வாங்கி, என்ன நோய்க்கு என்ன மருந்து என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியின் படத்தையும் தொலைபேசியில் வைத்திருங்கள். கணக்குக்கு மேல் நான்கைந்து நாள் மருந்து கூடுதலாக இருக்கட்டும். தூக்க மாத்திரை, திரமடோல், கொடெயின் போன்ற கடுமையான நோவு மருந்து எடுப்பவர்கள் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் அதிகார சபையிடம் (HSA) முன்னனுமதி வேண்டுமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் அவர் கட்டணம் நம் தனியார் ஆஸ்பத்திரிக் கணக்கில் அடங்காது. கடலிலிருந்து ஆளை அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு குடும்பத்தையே முறித்துவிடும். அவசர மருத்துவ இடமாற்றத்தையும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய பயணக் காப்புறுதி இல்லாமல், அறுபதைத் தாண்டியவர் எவரையும் கப்பலேற்ற வேண்டாம். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரங்களுக்குப் பின்னர் ஏற்றுவதில்லை; ஆறு மாதம் நிறையாத குழந்தையையும் வழக்கமாக ஏற்றுவதில்லை.

கடற்சத்தி வருமா?

சிலருக்கு வரும். கண் "அறை அசையவில்லை" என்கிறது, உட்செவி "அசைகிறது" என்கிறது. இந்தச் சண்டைதான் வயிற்றைப் புரட்டுகிறது. அதனால்தான் அறைக்குள் படுத்துத் தொலைபேசியைப் பார்த்தால் கூடுகிறது, வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் குறைகிறது. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்பு போன்ற பொறிகள் பக்கவாட்டில் நீருக்குள் நீளும். நான்கு நாள்களில் கப்பல் ஆடியதை நான் உணர்ந்தது ஓர் இரவில், அதுவும் தண்ணீர்க் குவளையைப் பார்த்துத்தான். சினரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளைப் புரட்டல் தொடங்கிய பின்னர் எடுப்பதைவிட முன்கூட்டியே எடுத்தால்தான் பலன்; அவை தூக்கத்தைத் தரும் என்பதாலும், முதியோருக்குச் சிலவேளை ஒத்துக்கொள்ளாது என்பதாலும் வைத்தியரைக் கேட்டு எடுக்கவும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இஞ்சி நல்லது.

உடம்பில் எறிகணை (செல்) துண்டு இருக்கிறது, அல்லது செயற்கைக்கால் போட்டிருக்கிறேன். ஏற்றுவார்களா?

ஏற்றுவார்கள். வேறெந்த ஊரவரும் கேட்காத இக்கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். விமான நிலையத்திலும் கப்பல் முனையத்திலும் உலோகம் காட்டும் வாயிலைக் கடக்க வேண்டும். உள்ளே உலோகத்துண்டு இருந்தால் அது சத்தமிடக்கூடும். எங்கே, எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று வைத்தியர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தையும் எக்ஸ்ரேயின் படத்தையும் வைத்திருந்தால், கைக்கருவியால் தடவிப் பார்த்துவிட்டு விடுவார்கள். வாயிலுக்குப் போகுமுன்பே கடிதத்தை நீட்டிவிடுவது, சத்தம் எழுந்த பின்னர் விளக்கம் சொல்வதைவிட மனத்துக்கு இலகுவானது.

செயற்கைக்கால் அணிபவர்களும் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களும் பதிவு செய்யும்போதே அதைச் சொல்ல வேண்டும். அகன்ற கதவும், படியில்லாத குளியலறையும், பிடிகம்பியும் உள்ள அறைகள் கப்பலில் சில இருக்கும். அவை விரைவில் முடிந்துவிடும். புக்கெட் போன்ற இடங்களில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவதுண்டு. அலை எழும்போது அப்படகில் சக்கர நாற்காலியை ஏற்றமாட்டார்கள். துறைமேடையில் நேரே கட்டும் ஊர்களைக் கொண்ட பயணத்தைத் தெரிவு செய்தால் இந்த ஏமாற்றம் இல்லை.

சாப்பாடு எப்படி? மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் சமாளிக்கலாமா?

தாராளமாக. சிங்கப்பூர், சென்னைக் கப்பல்களில் இந்தியச் சமையல் இருக்கிறது. சைவ உணவு வேண்டுமென்று பதிவிலேயே குறிப்பிட்டால் மண்டபத்தில் தனியாகத் தருவார்கள். நம்முடைய குத்தரிசிச் சோறும் தேங்காய்ச் சம்பலும் கிடைக்கா. முதல் நாள் பஃபேயில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுப் பாதியை எறிபவர்களைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார். போருக்குப் பின் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தட்டோடு வரிசையில் நின்றவருக்கு அது தாங்காது. வாசலில் கைகழுவும் இடம் இருக்கும், கழுவாமல் நுழையாதீர்கள். வயிற்றோட்டமும் சத்தியும் தரும் நோரோ வைரஸ் கப்பலில் பரவுவது பெரும்பாலும் கைவழியாகத்தான்.

தொலைபேசி வேலை செய்யுமா?

கரை மறைந்ததும் தொலைபேசி கப்பலின் செய்மதி வலையமைப்பைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பன்மடங்கு. ஏறியவுடனே தொலைபேசியை விமான நிலைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றிவிட்டு, வைஃபையை மட்டும் திறந்து வைத்திருங்கள். கப்பல் வைஃபைக்கும் காசுதான். வீட்டில் மாடு கன்றைப் பார்க்க விட்டுவந்தவரிடம் "நாலு நாள் பதில் வராது" என்று சொல்லிவிட்டு வருவது மலிவு.

நாள்களை எப்படிக் கழிப்பது?

ஒவ்வோர் இரவும் மறுநாள் நிகழ்ச்சி நிரல் அறைக்கோ தொலைபேசிச் செயலிக்கோ வந்துவிடும். எல்லாவற்றையும் பார்க்க முயலுபவர்கள் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள். இரண்டைத் தெரிவு செய்யுங்கள். கரைநாளில் பெரும்பாலானோர் இறங்கிவிடும்போது கப்பல் வெறுமையாகும். தடாகமும் சாய்நாற்காலியும் அப்போதுதான் நமக்கு. விடியற்காலையும் அப்படித்தான்.

கரையில் என்ன செய்வதென்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனின் பக்கத்திலேயே கட்டும். 2008 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பழைய நகரத்தை நடந்தே பார்க்கலாம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வாடகைக் காரில் போகலாம். போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகவர வீதி நெரிசலையும் கணக்கிட வேண்டும். பத்துமலையில் 272 படிகள் இருக்கின்றன; மூட்டு நோவுள்ளவர்கள் கீழே நின்று 42.7 மீற்றர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நம்மவர் கட்டிய கந்தசுவாமி கோயிலுக்குப் போகலாம்.

ஒரு விதி: திரும்ப ஏற வேண்டிய கடைசி நேரம் கப்பல் நேரப்படி அறிவிக்கப்படும். அது கரை நேரத்திலிருந்து வேறுபடலாம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் வழக்கமாகக் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திராது. தனியாகப் போவது பாதி விலை என்பதால் நாங்கள் அப்படித்தான் போனோம், ஆனால் இரண்டு மணி நேரம் முந்தியே திரும்பிவிட்டோம்.

ஏறியதும் சைரன் ஊதுவார்களாமே? அம்மா கப்பல் என்றாலே பயப்படுகிறார்.

2012 ஜனவரி 13 ஆம் திகதி இத்தாலிக் கரையில் கொஸ்தா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னர், புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி கொடுக்க வேண்டுமென்று விதி இறுகியது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: அதுதான் அடையாளம். உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் கூடுமிடத்துக்குப் போய், பாதுகாப்பு அங்கி அணியும் முறையைப் பார்க்க வேண்டும். தட்டிக்கழிக்க முடியாது.

நம்மவருக்கு இதில் இன்னொன்று இருக்கிறது. 2009 பெப்ரவரி முதல் மே வரை மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயப்பட்டவர்களைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஏற்றிச் சென்றது. வன்னியில் பல முதியவர்கள் வாழ்க்கையில் ஏறிய ஒரே கப்பல் அதுதான். என் தாயார் காயப்பட்ட தம்பியோடு அதில் திருகோணமலைக்குப் போனவர். சிங்கப்பூரில் ஏறிய அன்று, அறையில் பையை மடியிலிருந்து இறக்காமல் கட்டில் விளிம்பிலிருந்து, "எத்தினை மணிக்கு இறக்குவினம்?" என்று கேட்டார். நாங்கள் சைரனைப் பற்றி அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் பிழை. நீங்கள் சொல்லிவிடுங்கள்: எத்தனை தடவை ஊதும், ஏன் ஊதும், ஊதும்போது யார் பக்கத்தில் நிற்பார் என்று. பயிற்சிக்கு முன்னரே கூடுமிடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம். வரமாட்டேன் என்கிறவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பல்கனிக் கதவைத் திறந்து நாற்காலியைப் போட்டுவிட்டால் போதும். அம்மா இரண்டாம் நாள் காலை நான்கரைக்கே அங்கே இருந்தார். தூரத்து மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு என்றார்.

கடலில் இருக்கும்போது சுனாமி வந்தால்?

ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவு; அடியில் அது கடந்துபோவதைக் கப்பலில் இருப்பவர் உணரவும் மாட்டார். கரைக்கு அண்மையில் நீர் ஆழம் குறையும்போதுதான் அது எழும்புகிறது. 2004 இல் முல்லைத்தீவை அழித்தது அந்த எழுச்சிதான்.

இறங்கும் நாளில் என்ன நடைமுறை?

முதல் நாள் இரவே கணக்கைச் சரிபார்த்து, பிழை இருந்தால் வரவேற்பு மேசையில் சொல்லித் திருத்துங்கள். காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். நிறச்சீட்டுக் கட்டிய பெரிய பெட்டியை நள்ளிரவுக்கு முன்னர் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அதை இரவோடிரவாகக் கீழே இறக்கிவிடுவார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னர், காலையில் உடுப்பதற்கான உடையையும் சப்பாத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். ரொறன்ரோவில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த எங்கள் அத்தான் சிங்கப்பூர்க் குடிவரவு மேசையைச் சாரத்தோடுதான் கடந்தார்.